ஆறாவது மாடிக்கு முள்செடி

அக்டோபர் 14

இந்த டைரி மின்வாரிய ஓய்வூதியர் சங்கத்தில் கொடுத்தது. பத்து மாதமாக வெறும் தாளாகக் கிடந்தது. காலையில் எழுந்தேன், கஞ்சி குடித்தேன், படுத்தேன் என்று தினமும் எழுதவா முடியும்? இங்கே வந்த பிறகு எழுதலாம் என்று தோன்றுகிறது. பேச ஆள் இல்லாததும் ஒரு காரணம்.

மகள் எழிலரசிக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு முப்பத்திரண்டு நாள். முறைப்படி தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். தாய் இருந்தால்தானே தாய்வீடு. கோமதி போய் நாலு வருடம் ஆகிவிட்டது. விருத்தாசலத்து வீட்டில் நான் ஒருத்தன் இருக்கிறேன். அங்கே பச்சை உடம்புக்காரியைக் கொண்டுபோய் என்ன செய்வது? அதனால் நானே துணிமணியை அள்ளிக்கொண்டு கேளம்பாக்கத்தில் அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன். பிள்ளைப்பேறு பார்க்க வந்த முதல் ஆம்பளை நான்தான் என்று லிஃப்டில் ஒரு அம்மாள் சிரித்தாள். சிரிக்கட்டும். பூண்டு உரிக்கிறேன், பத்தியக் குழம்பு வைக்கிறேன், குழந்தை துணி அலசுகிறேன். முப்பத்தாறு வருடம் மின்கம்பத்தில் ஏறி இறங்கியவனுக்கு இது ஒரு வேலையா?

மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். குழந்தை வீறிட்ட சத்தத்தில் விழித்தேன். கட்டிலில் தனியாகக் கிடந்து கத்துகிறது. எழில் பால்கனியில் இருந்தாள். இந்த வீட்டுப் பால்கனிக்குச் சுவர் கிடையாது, கம்பித் தடுப்புதான். கீழ்க்கம்பியில் ஒரு காலை ஏற்றி, பாதி உடம்பு வெளியே சாய, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறாவது மாடி.

"எழிலு" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். உயரத்தில் நிற்பவரைக் கத்திக் கூப்பிடக் கூடாது.

காலை இறக்கினாள். "காத்து வாங்குனேன்ப்பா" என்றாள்.

துணி எடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். கொடியில் துணி எதுவும் இல்லை.

பால்கனி மொட்டையாக இருக்கிறது. நாலு பூச்செடி வாங்கி வைத்தால் நன்றாக இருக்கும்.

அக்டோபர் 15

குடியிருப்புச் சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். பால்கனிக்கு இரும்பு கிரில் போடலாமா என்று கேட்டேன். முன்பக்கம் எல்லா வீடும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமாம், கிரில் கூடாதாம். புறா வலை கட்டலாம், ஆனால் கட்டுகிற ஆட்கள் மழைக்காலம் முடிந்துதான் வருவார்களாம். பூந்தொட்டி வைக்கலாமா என்றேன். தாராளமாக என்றார்.

அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். கிரில் போட்டால் எதுக்குப்பா என்று அவள் கேட்பாள். பூச்செடிக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

அக்டோபர் 16

திருப்போரூர் ரோட்டில் ஒரு நர்சரி. நடத்துகிற அம்மாள் பெயர் சகாயமேரி. செடியைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டாள் போலிருக்கிறது.

"என்ன பூ சார் வேணும்?"

"பால்கனிக் கம்பியில மாட்டுற மாதிரி நீளத் தொட்டி வேணும். செடி அடர்த்தியா இருக்கணும். முள்ளு இருந்தா நல்லது."

"முள்ளா? எல்லாரும் முள்ளில்லாத ரோஜாதான் கேப்பாங்க." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "குரங்கு வருதா சார்?"

"ஆமா" என்று சொல்லிவிட்டேன். ஆறாவது மாடிக்குக் குரங்கு. இந்த வயதில் இப்படி ஒரு பொய்.

நித்தியகல்யாணியைக் காட்டினாள். வெயிலுக்கும் காற்றுக்கும் அசராதாம். ஆனால் ஒரு முழம்கூட உயராது. டேபிள் ரோஸ் காட்டினாள், காலை பத்து மணிக்கு விரிகிற பூ. பார்க்க அழகு, கை வைத்தால் ஒதுங்கிக்கொள்ளும். பிறகு நானே கிறிஸ்து முள்ளைக் காட்டி இது என்றேன். பூ கொத்துக்கொத்தாக இருந்தது. தண்டு முழுக்க ஊசி.

"வீட்டுல சின்னக் குழந்தை உண்டா?"

"கைக்குழந்தை."

"அப்ப தரமாட்டேன். ஒடிச்சா பால் வடியும், கண்ணுல பட்டா எரிஞ்சுபோகும்."

நல்ல மனுஷி. அரளி வரிசையை நான் பார்க்காத மாதிரி கடந்து வந்தேன். அவளும் கூப்பிட்டுக் காட்டவில்லை. கடைசியில் காகிதப்பூ. கருஞ்சிவப்பு ரகம், முள் ஒவ்வொன்றும் அரை விரல் நீளம். தொட்டி சின்னதாக இருந்தால்தான் நிறையப் பூக்குமாம்.

"தடுப்பு எத்தினி அடி?"

"பதினொண்ணு."

"ரெண்டடித் தொட்டி மூணு போதும் சார். செடி பரவ எடம் வேணும்."

"அஞ்சு குடுங்க."

"அஞ்சு வெச்சா கைய விட்டுத் தண்ணி ஊத்தக்கூட முடியாதே!"

"பரவால்ல" என்றேன். வெளிப்பக்கம் மாட்டினால் வெயில் படும், ரோட்டிலிருந்து பார்க்கவும் அழகாக இருக்கும் என்று சொன்னாள். உள்பக்கம்தான் என்றேன். இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அக்டோபர் 18

தொட்டிகளை மாட்டினேன். நர்சரியில் கொடுத்த கொக்கியை நம்பவில்லை. ஒவ்வொன்றையும் ஜி.ஐ. கம்பி போட்டு மூன்று சுற்றுச் சுற்றி, பிளேயரால் முறுக்கிவிட்டேன். யானை இழுத்தாலும் வராது. தடுப்பிலிருந்து ஒரு அடிக்கு இப்போது செடிதான், முள்தான். ஓரத்தில் ஒரு அடி மட்டும் மிச்சம். அங்கே தொட்டி பொருந்தவில்லை.

மாப்பிள்ளை மோகன்ராஜ் ஒரகடத்தில் கார் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்தார். "மாமா, ரிசார்ட் மாதிரி ஆக்கிட்டீங்க!" என்றார். போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினார். நல்ல பிள்ளை. வீட்டுக்கு வந்தால் தூக்கம், இல்லாவிட்டால் போன்.

எழில் வந்தாள். ஒரு முள்ளை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அக்டோபர் 20

தீபாவளி. வெடிச் சத்தத்தில் குழந்தை நாள் முழுக்கத் தூங்கவில்லை. புதுச் சட்டை போட்டுவிட்டு, "இந்தா, நீ கொஞ்சம் தூக்கிட்டு நில்லு, போட்டோ எடுக்கலாம்" என்று எழிலிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்களே வெச்சுக்குங்கப்பா. எனக்குக் கை வலிக்குது."

இப்போதுதான் கவனிக்கிறேன். பால் கொடுக்க உட்காருவாள், கொடுத்து முடித்ததும் உடனே யாரிடமாவது கொடுத்துவிடுவாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்று நான் பார்த்ததே இல்லை.

தூக்கம் இல்லாத களைப்பாக இருக்கும்.

அக்டோபர் 27

கம்பிக்கு மேலே கூரை வரை ஆள் நுழைகிற அளவுக்கு இடம் இருக்கிறது. பகலில் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எனவே தொங்கும் தொட்டிகள். கூரையில் துளை போட்டுக் கொக்கி இறக்கி, ஏழு தொட்டி. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி. காற்றுக்கு என்ன தாங்கும் என்று சகாயமேரியிடம் கேட்டதற்கு, பெட்டூனியா பூ மழையில் அழுகிவிடும், டேபிள் ரோஸே போடுங்கள் என்றாள். நாலில் டேபிள் ரோஸ். மூன்றில் பெட்டூனியா, அந்த ஊதா நிறம் பிடித்துவிட்டது, அழுகினால் அழுகட்டும். இப்போது இடைவெளியில் ஒரு பூனை நுழையலாம். அதற்கு மேல் முடியாது.

நான் ஏணியில் நிற்கும்போது எழில் கதவருகே வந்து நின்றாள். உள்ளேயே நின்றாள், காலை வெளியே வைக்கவில்லை.

"அப்பா, அந்த மூலையில சந்து இருக்கு."

"அங்க தொட்டி பொருந்தாதும்மா."

"தரையில ஒரு பெரிய தொட்டி வைங்க. முள்ளு செடியே வைங்க."

ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அறுபத்தாறு கே.வி. மின்கோபுரத்தில் நிற்கும்போதுகூட இப்படிப் பிடித்ததில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தால் ஏன் அவளே அடைக்கச் சொல்கிறாள்? இறங்கி வந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரிய தொட்டி ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 30

ஐந்தாம் மாடி அம்மாளின் போர்வையில் நம் தொட்டித் தண்ணீர் சொட்டிவிட்டதாம். போய் மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே தட்டு கட்டினேன்.

நவம்பர் 5

காய் நறுக்கக் கத்தியைக் காணோம். அடுக்களை முழுக்கத் தேடினேன். எழிலிடம் கேட்டால் தெரியாது என்கிறாள். குளிக்கப் போகும்போது துண்டு எடுக்க என் பையைத் திறந்தேன். அடியில், என் வேட்டிக்குள் சுற்றி, கத்தி. கத்தரிக்கோலும் இருந்தது.

நான் வைக்கவில்லை. மாப்பிள்ளை வேலைக்குப் போய் மூன்று மணி நேரம் ஆகிறது.

அவற்றை அங்கேயே விட்டுவிட்டேன். வாழைத்தண்டைக் கையால் ஒடித்துப் பொரியல் செய்தேன். நார் நாராக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 14

மாப்பிள்ளையிடம் பேச்சைத் தொடங்கினேன். "எழிலு ஒரு மாதிரியா இருக்கா, கவனிச்சீங்களா?"

"தூக்கம் இல்ல மாமா. எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க, முதல் ஆறு மாசம் இப்படித்தான்னு."

"இல்ல, அது வேற மாதிரி..."

"கண்ணு பட்டிருக்கும்னு எங்கம்மா சொல்றாங்க. இன்னிக்கே சுத்திப் போட்டுடுங்க மாமா."

உப்பும் மிளகாயும் எடுத்து நானே சுற்றிப் போட்டேன். எழில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். மிளகாய் நெடி வந்தது. கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். எதை நம்புவது?

கோமதிக்கு எழில் பிறந்தபோது நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். நெய்வேலிப் பக்கம் மின்கோபுர வேலை. அஞ்சு மாதம் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன். அப்போது அவள் எப்படி இருந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை.

நவம்பர் 22

காகிதப்பூ முதல் கொத்து விட்டது. நல்ல நிறம். எழில் பார்க்கவில்லை.

நவம்பர் 27

வங்கக் கடலில் புயல். நாளை மாலைக்குள் கரையைக் கடக்குமாம். பால்கனியில் இருக்கிற தொட்டி எல்லாவற்றையும் இன்றே உள்ளே எடுத்துவிட வேண்டும் என்று சங்கத்தில் நோட்டீஸ். கீழே போகிறவர் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு என்று செயலாளர் நேரிலேயே வந்துவிட்டார். நான் கட்டிய கட்டு விழாது என்றேன். "சார், நீங்க கட்டுனது விழாது. உங்களப் பாத்து மத்தவங்க எடுக்கலன்னா?" என்றார். நியாயம்தான்.

முறுக்கிய கம்பியை எல்லாம் அறுத்தேன். தொட்டிகள் குளியலறையிலும் ஹாலிலும் நிற்கின்றன. மூலையில் இருந்த பெரிய தொட்டியை மாப்பிள்ளையும் நானும் உருட்டிக்கொண்டு வந்தோம். பால்கனி மறுபடியும் மொட்டை. மாப்பிள்ளைக்கு நாளை காலை ஷிப்ட். போகாதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன காரணம் சொல்வது?

நவம்பர் 28

காலை எட்டு மணிக்கே கரண்ட் போனது. காற்று ஊளையிட்டது. மாப்பிள்ளை தொழிற்சாலையில் இருக்கிறார், ரோட்டில் தண்ணீர். நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் பால்கனிக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். குழந்தை தூளியில் தூங்கியது. பேப்பர் படிக்கிற மாதிரி பாவனை. நேற்றுப் பேப்பர்.

பதினோரு மணி இருக்கும். எழில் அறையிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"செடி எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?"

"சங்கத்துல சொல்லிட்டாங்கம்மா."

"மூலையில இருந்ததையுமா?"

"எல்லாம்தான்."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அப்ப கதவப் பூட்டுங்கப்பா. சாவிய நீங்களே வெச்சுக்குங்க. நான் அழுதாலும் கேட்டாலும் குடுக்காதீங்க."

எங்கள் வேலையில் லைன் கிளியர் என்று ஒன்று உண்டு. கம்பத்தில் கை வைப்பதற்கு முன்னால் துணைமின் நிலையத்தில் கேட்க வேண்டும்: லைனில் கரண்ட் இருக்கிறதா, இல்லையா? ஊகிக்கக் கூடாது. தெருவிளக்கு எரியவில்லையே, அப்படியானால் கரண்ட் இருக்காது என்று ஏறியவர்கள் செத்திருக்கிறார்கள். வாய் திறந்து கேட்டு, அந்தப் பக்கம் ஆள் பதில் சொன்ன பிறகுதான் ஏணியில் கால் வைப்பேன். முப்பத்தாறு வருடத்தில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. பெற்ற பெண்ணிடம் நாற்பத்தைந்து நாளாகக் கேட்கவில்லை. அவளைச் சுற்றி முள்ளை நட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கதவைப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறகு கேட்டேன்.

"எழிலு, செத்துப்போகணும்னு தோணுதாம்மா?"

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருந்தது.

"எனக்கு பாப்பாவப் பாத்தா பயமா இருக்குப்பா. தூக்குனா, பால்கனிக்குப் போயி கைய விட்டுருவேன்னு ஒரு நெனப்பு வருது. நானா நெனைக்கல. சத்தியமா நானா நெனைக்கல. அது தானா வருது, படம் மாதிரி. கத்தியப் பாத்தாலும் வருது. அதான் உங்க பையில வெச்சேன். நான் அவளுக்கு ஒண்ணும் செய்யக் கூடாதுப்பா. நான் இல்லாமப் போயிட்டா அவ நல்லா இருப்பான்னு அன்னிக்குக் கம்பி மேல கால் வெச்சேன். நீங்க கூப்ட்டீங்க."

நான் அவளைத் தடுக்க முள் வைத்தேன். அவள் அந்த முள்ளுக்குப் பின்னால் குழந்தையை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், தன்னிடமிருந்தே.

"யார்ட்டயும் சொல்லிடாதீங்கப்பா. பாப்பாவப் பிரிச்சிடுவாங்க."

நானும் தரையில் உட்கார்ந்தேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட நான் அவளை மடியில் போட்டுக்கொண்டதில்லை, கோமதிதான் போட்டுக்கொள்வாள். இன்று தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வேட்டி நனைந்தது. "உன்ன யாரும் பிரிக்கமாட்டாங்க. இது ஏதோ சீக்கு, டாக்டரப் பாப்போம். அவளையும் பாத்துக்கறேன், உன்னையும் பாத்துக்கறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவளிடம் கேட்டுக்கொண்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"கெளம்பிட்டேன் மாமா" என்றார். வழியில் வண்டியை விட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து, ஆறு மாடி ஏறி, நாலரை மணிக்கு வந்து சேர்ந்தார். ஈரத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

டிசம்பர் 1

மனநல மருத்துவர் ஒரு பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். நான் நாற்பத்தைந்து நாளாகக் கேட்கத் தயங்கியதை உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கேட்டார், பல்வலி எத்தனை நாளாக என்று கேட்கிற மாதிரி. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயந்தேன் டாக்டர் என்றேன். "கேட்டதால யாருக்கும் வராதுங்கய்யா. ஏற்கெனவே இருந்தா சொல்றதுக்கு ஒரு வழி கெடைக்கும், அவ்வளவுதான்" என்றார்.

பிள்ளை பெற்ற பலருக்கும் இப்படி நினைப்பு வருமாம். நினைப்பைக் கண்டு இவ்வளவு பயப்படுகிற தாய் குழந்தையைக் காப்பாற்றத்தான் பார்க்கிறாள் என்று எழிலிடம் சொன்னார். மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை வரச் சொன்னார், கொஞ்ச நாளைக்கு அவளைத் தனியாக விட வேண்டாம் என்றார். மாப்பிள்ளை ஒரு மாதம் லீவு போட்டுவிட்டார். சுற்றிப் போடச் சொன்ன சம்பந்தியம்மாவுக்கு அவரே போன் செய்து விளக்கினார். சத்தமாகத்தான் விளக்கினார்.

டிசம்பர் 9

மோசமான நாள். எழில் மாத்திரையைத் துப்பிவிட்டாள், பாலில் கலந்து பாப்பாவுக்குப் போய்விடும் என்று. டாக்டரிடம் போனில் பேச வைத்தேன். அரை மணி நேரம் பேசினார். பிறகு போட்டுக்கொண்டாள்.

தொட்டிகளைத் திரும்ப மாட்டினேன். காகிதப்பூவில் இரண்டு செத்துவிட்டது. பெட்டூனியா மொத்தமும் போச்சு, சகாயமேரி சொன்னபடியே.

டிசம்பர் 21

எழில் நர்சரிக்கு வருகிறேன் என்றாள். பாப்பாவை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் போனோம்.

சகாயமேரி, "என்ன சார், கொரங்கு இன்னும் வருதா?" என்றாள். எழில் என்னைப் பார்த்தாள். அசடு வழிந்தேன். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அந்த மாதிரி ஏதோ ஒன்று.

ஒவ்வொரு வரிசையாக நடந்தாள். டிசம்பர் பூ இருந்தது, ஊதாவில் வெள்ளைக் கோடு போட்டது. "இது மூணு தொட்டி போதும்ப்பா. செத்துப்போன ரெண்டு எடத்துலயும் இத வெச்சுக்கலாம், கூட ஒண்ணு" என்றாள். தொட்டுப் பார்த்தேன். துளி முள் இல்லை. வேண்டாம்மா என்று சொல்ல வந்தேன். வாயை மூடிக்கொண்டு செடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 4

புது டைரி இன்னும் வரவில்லை. இதிலேயே கடைசித் தாளில் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை இன்று முதல் வேலைக்குப் போகிறார். காலை பத்து மணி. டேபிள் ரோஸ் விரிந்திருந்தது, நான் ஹாலில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தேன். எழில் அறையிலிருந்து வந்தாள். தோளில் பாப்பா. என்னைக் கடந்து போய்ப் பால்கனிக் கதவைத் திறந்தாள். போன வாரம்தான் டாக்டரைக் கேட்டுக்கொண்டு அதன் பூட்டை எடுத்திருந்தேன்.

எழுந்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க உக்காருங்கப்பா" என்றாள்.

உட்கார்ந்தேன். எழிலு, தைரியம் இருக்கா என்றேன். பாதி இருக்கு என்றாள்.

டிசம்பர் பூத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கையாலும் பாப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. ஒரு எட்டில் போய் வாங்கிவிடலாம். அவரைக்காயைக் கீழே வைக்காமல், அவள் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாப்பா பூவைப் பிடிக்கக் கையை நீட்டியது. எழில் குனிந்து ஒன்றைப் பறித்து அதன் மூக்கில் தேய்த்தாள். அது தும்மியது. இவள் தோள் கொஞ்சம் இறங்கியது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரம் பார்க்கவில்லை. உள்ளே வந்து பாப்பாவை என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏம்ப்பா இப்படி நடுங்குது?"

"பயந்துட்டேம்மா" என்றேன்.

"நானும்தான்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச அவரைக்காயை எடுத்தாள்.